சோளகம் தள்ள, கடல் நடுவே

யாழ்ப்பாணத்துத் தீவுகளைக் காரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தவர்கள் "பரவாயில்லை, நல்ல இடந்தான்" என்று சொல்லும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. பரவாயில்லையா! கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, பண்ணைப் பாலத்தைச் சில நிமிடங்களில் கடந்து போனவர்களுக்கு அந்தக் கடல் என்ன காட்டியிருக்கும்? தீவகத்தைப் பார்ப்பதென்றால் சைக்கிளில் பார்க்க வேண்டும். இதை நான் கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேளாதவர்களை மறித்தும் சொல்வேன். சைக்கிள் பழகி முடித்த சின்னப் பிள்ளைக்கும், முழங்கால் நோவோடு இருக்கிற பெரியவருக்கும் ஒரேமாதிரி இடங்கொடுக்கிற கடற்கரைப் பாதைகள் இவை. இவ்வளவு அழகை இவ்வளவு இலேசாகத் தருகிற வேறொரு இடத்தை நான் கண்டதில்லை.

இங்கே ஏற்றம் என்று ஒன்று கிடையாது. முழு நிலமும் கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரந்தான். சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் சேர்ந்த தட்டைத் தரை. கியர் வேண்டாம், விலையுயர்ந்த வண்டி வேண்டாம், கறுப்பு நிறப் பழைய லுமாலா சைக்கிளே தாராளம். மேடு பள்ளத்தின் வேலையை இங்கே காற்று பார்க்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். ரவுணிலிருந்து தீவுப்பக்கம் போகும்போது அது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். ஆனால் திரும்பி வரும்போது பாருங்கள், முதுகில் கைவைத்து ஏற்றிவிடும்; பெடலை மிதிக்காமலே பாலத்தில் வண்டி ஓடும். மார்கழியில் வாடைக்காற்றுக்குக் கணக்கு மாறும்: போகும்போது சுகம், வரும்போது உழைப்பு. எனக்குப் பிடித்தது தை, மாசி, பங்குனி. மழை விட்டிருக்கும், குளங்களிலும் பரவைக் கடலிலும் நீர் நிறைந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும், வெயில் கொதிக்கத் தொடங்கியிராது.

பண்ணையிலிருந்தே தொடங்குவோம், எல்லாப் பாதைக்கும் அதுதான் வாசல். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோட்டை, 1658இல் ஒல்லாந்தர் கையில் விழுந்து ஐங்கோண வடிவில் பெரிதாக எழும்பிய கோட்டை, இடப்புறம் நிற்கிறது. அதன் மதில் நிழலைத் தாண்டியதும் நகரம் சட்டென்று முடிந்துவிடும். கடை இல்லை, மதில் இல்லை, மரமும் இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவே தார்ரோட்டு, அதில் நீங்கள். இருக்கையில் இருந்து கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற அளவுக்குக் கடல் பக்கத்தில். பாலம் என்று சொல்கிறோமே தவிர, பெரும்பகுதி கடலுக்குள் கல்லும் மண்ணும் போட்டு உயர்த்திய பாதைதான், தாம்போதி. அதனால்தான் கடலுக்கு மேலே போவதாகத் தோன்றாது, கடலுக்குள்ளே போவதாகத் தோன்றும்.

விடியப்புறம் போங்கள். ஆறு மணிக்கு முன்னரே பாலத்தில் ஏறிவிடுங்கள். அந்த நேரத்தில் பரவைக் கடலில் ஒரு சுருக்கமும் இருக்காது. ஆழமற்ற நீர், பல இடங்களில் இடுப்பளவுகூட வராது. ஆட்கள் கடலுக்குள் நடந்து போய்க்கொண்டிருப்பார்கள், கையில் வலையோடு, தோளில் பறியோடு; தூரத்தில் பார்த்தால் தண்ணீரின்மேல் நடக்கிறார்கள் என்றே கண் சொல்லும். வரிசை வரிசையாகத் தடிகளை நட்டுக் களங்கட்டி வலை கட்டியிருப்பார்கள். வற்றும்போதும் பெருகும்போதும் நீரோட்டத்தோடு வருகிற இறாலும் மீனும் அந்த வேலியைத் தடவிக்கொண்டே போய்க் கூட்டுக்குள் அகப்படும். ஒவ்வொரு தடியின் நுனியிலும் ஒரு பறவை. ஆலா இருக்கும், நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும், கூழைக்கடா தன் பெரிய பையோடு மிதக்கும். மாரி கழிந்த நல்ல ஆண்டுகளில் மண்டைதீவுப் பக்கத்து நீரில் பூநாரைகளும் வந்து நிற்கும். காரில் போகிறவர் இவற்றில் ஒன்றையாவது கண்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திராது!

அக்காவின் மகளை, என் பெறாமகளை, முதன்முதலில் இந்தப் பாலத்துக்குக் கூட்டிவந்தபோது அவள் நடுவழியில் நிறுத்திவிட்டு, "சித்தி, ஒரு பக்கம் கடல் ஒரு நிறம், மற்றப் பக்கம் வேற நிறம்!" என்று கத்தினாள். உண்மைதான். சூரியன் எழும்புகிற பக்கம் வெள்ளிப் பூச்சாக மின்னும், மற்றப் பக்கம் இருண்ட பச்சையாகக் கிடக்கும். அந்தப் பிள்ளை அன்று சாட்டிக் கடற்கரை வரை போய், குளித்து, திரும்பியும் வந்தது. பன்னிரண்டு வயது. "கால் நோகுதோ?" என்று கேட்டேன். "எப்ப திரும்பப் போறம்?" என்று கேட்டாள்.

அந்தச் சாட்டிப் பாதைதான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது. பண்ணையால் ஏறி, மண்டைதீவுச் சந்தியை விலத்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், பிறகு வேலணைக்குள் புகுந்து சாட்டி. போக ஒரு பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வரும், அவ்வளவுதான். மண்கும்பானில் தெருவோரத்திலேயே வெண்மணல் கிடக்கும். மணல் உள்ள இடத்தில் மழைநீர் தங்கி நிற்பதால் கிணற்றுத் தண்ணீரும் நல்ல தண்ணீர். கடலால் சூழ்ந்த நிலத்தில் ஒரு செம்பு இனிப்புத் தண்ணீரின் அருமை சைக்கிளில் போய்த் தாகத்தோடு இறங்குகிறவனுக்கு மட்டுமே தெரியும். வெள்ளைப்புற்றடிப் பிள்ளையார் வாசலில் கொஞ்ச நேரம் நிழலில் நின்றுவிட்டுப் போகலாம். பிறகு பனங்கூடல்கள். இருபுறமும் வடலியும் நெடும்பனையுமாக நிற்க, காவோலை காற்றில் சலசலக்கும் சத்தம் ஒருபோதும் நிற்காது. மோட்டார் சைக்கிளில் போனால் அந்தச் சத்தம் உங்களுக்குக் கிடையாது.

சாட்டியில் அலை பெரிதல்ல, தண்ணீர் நீண்ட தூரத்துக்கு ஆழமில்லை, பிள்ளைகள் பயமின்றி இறங்கலாம். கிட்டவே சிந்தாத்திரை மாதா கோயில். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் சாப்பாட்டுப் பொதியோடு வந்து இறங்குவார்கள், அன்று கூட்டம் இருக்கும். கிழமை நாளில் காலையில் போனால் கரை முழுக்க உங்களுக்கு. திரும்பும் வழியில் ஏதாவதொரு சந்தித் தேத்தண்ணிக் கடையில் நிறுத்துங்கள். அப்படியொரு கடையில்தான் ஒரு ஐயா எங்களையும் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளையள் எங்கையிருந்து வாறியள்?"

"ரவுணிலையிருந்து ஐயா."

"சைக்கிள்ளையோ? பஸ் ஓடுதெல்லோ!"

"பஸ்ஸிலை வந்தா உங்கடை கடையிலை தேத்தண்ணி குடிச்சிருக்க ஏலாதே."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு உள்ளே போய்ப் பனங்கட்டித் துண்டு இரண்டைக் கொண்டுவந்து தட்டில் வைத்தார், காசு வாங்கவில்லை. ஒரு கடி பனங்கட்டி, ஒரு மிடறு வெறுந்தேத்தண்ணி. வேர்த்து வந்த உடம்புக்கு இதைவிட நல்ல பானம் எந்தக் கடையிலும் விற்கவில்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

அவருக்குச் சைக்கிள் ஒன்றும் புதினமில்லை. யாழ்ப்பாணத்தாருக்குச் சைக்கிளோடு இருக்கிற உறவு வேறு ஊராருக்கு விளங்கச் சிறிது நேரம் எடுக்கும். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரும்பொருளாகிவிட்ட காலத்தில் இந்தச் சமூகத்தையே தூக்கிச் சுமந்தது சைக்கிள்தான். விறகு, அரிசி மூட்டை, நோயாளி, கல்யாணப் பெண், எல்லாம் கரியரில்தான். மின்சாரமில்லாத இரவுகளில் சைக்கிளை நிமிர்த்தி வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். ஆகவே இந்த ஊரில் எந்தச் சந்தியிலும் சைக்கிள் திருத்தத் தெரிந்த ஒருவர் இருப்பார். காற்றுப்போனால் அரைமணி நேரத்தில் ஒட்டித் தந்துவிடுவார். புதியவர்கள் தனியே போகப் பயப்பட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாட்டி பழகிவிட்டதென்றால் அடுத்தது வட்டப் பாதை. இதுதான் என் உயிர். ரவுணிலிருந்து வேலணை வழியே ஊர்காவற்றுறை, அங்கிருந்து கடலைக் கடந்து காரைநகர், பிறகு பொன்னாலை, வட்டுக்கோட்டை, அராலி, கல்லுண்டாய் வெளி, காக்கைதீவு என்று மறுபக்கத்தால் ரவுணுக்கு. 50 கிலோமீற்றரளவில் வரும். தொகையைக் கேட்டு மலைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க இருக்கிறது, எங்கேயும் ஏற்றமில்லை, வந்த வழியே திரும்புகிற சலிப்பும் இல்லை.

ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரை வைத்தார்கள். வேலணையும் ஊர்காவற்றுறையும் சேர்ந்த தீவு லைடன், காரைநகர் அம்ஸ்ரடாம், நெடுந்தீவு டெல்வ்ற். ஊர்காவற்றுறைக்குப் போகிற வழியில் கரம்பொன் வரும். 1913இல் தனிநாயகம் அடிகள் பிறந்த ஊர். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டை நடத்தி, தமிழை உலகப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டுபோன அந்த மனிதர் இந்த ஒழுங்கைகளில்தான் பிள்ளைப்பிராயத்தில் ஓடித் திரிந்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும். நான் அங்கே மெதுவாகத்தான் மிதிப்பேன். பழைய நாற்சார் வீடுகள், உயர்ந்த திண்ணைகள், பூவரச வேலி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற ஆடுகள்.

ஊர்காவற்றுறையில் தெரு நேரே போய்க் கடலில் முடிகிறது. அங்கே நிற்கிறது பாதை. ஆம், ஊர்ச்சனம் அதைப் 'பாதை' என்றுதான் சொல்லும்: பெரிய தட்டையான மிதவை, அதன்மேல் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு காரைநகர்க் கரையில் கொண்டுபோய் விடும். இந்தச் சின்னப் பயணத்துக்காகவே நான் அந்த வட்டத்தைச் சுற்றுவேன் என்றால் நம்புவீர்களா? சைக்கிளைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நில்லுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் பெட்டியோடு ஒருவர், காரைநகர்ச் சம்பந்தி வீட்டுக்குப் பலகாரப் பெட்டியோடு போகிற அம்மா. பாதை நகரத் தொடங்கியதும் கடல் நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் முருகைக்கல்லால் கட்டி, ஒல்லாந்தர் கைப்பற்றி, ஹமென்ஹீல் என்று பெயரிட்ட கோட்டை. நிலத்தைத் தொடாமல், நாற்புறமும் நீர் மோத, எண்கோண மதிலோடு தனியே நிற்கிறது. இலங்கைத் தீவின் வரைபடம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடையாகத் தெரிந்ததாம். அதன் குதிக்கால் இந்த மூலை, ஆகவே அந்தப் பெயர். இப்போது அதைக் கடற்படையினர் விடுதியாக வைத்திருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்க்காவிட்டாலும் குறையில்லை; பாதையிலிருந்து பார்க்கிற காட்சிக்கு ஈடில்லை.

ஒன்று கவனியுங்கள். பாதை சில நேரம் பழுதாகிக் கிடக்கும். புறப்படுவதற்கு முதல்நாள் ஊர்காவற்றுறை ஆட்கள் யாரிடமாவது விசாரித்துவிடுங்கள். ஓடாத நாளில் பொன்னாலைப் பக்கத்தால் காரைநகர் போய் அதே வழியே வரலாம், அதுவும் சந்தோசந்தான்.

காரைநகரில் கசூரினாக் கடற்கரை எல்லாரும் அறிந்தது. சவுக்கு மரங்கள் கரையோரம் நிரையாக நிற்கின்றன, அந்த நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கடலுக்குள் நடந்தால் நடந்துகொண்டே இருக்கலாம், கழுத்தளவு நீர் வர வெகுநேரமாகும். அலையே இல்லாத, குளத்துத் தண்ணீர்போல் தெளிந்த கடல். கிட்டவே கோவளத்து வெளிச்சவீடு. ஈழத்துச் சிதம்பரம் என்று பெயர்பெற்ற சிவன் கோயிலுக்கு மார்கழித் திருவாதிரையை ஒட்டிப் போனால் ஊரே திரண்டிருக்கும். மற்ற நாட்களில் அமைதியான வீதி, நல்ல நிழல்.

பிறகு பொன்னாலைப் பாலம். பண்ணையைப் பற்றி இவ்வளவு சொன்னேன், ஆனாலும் மாலை நேரத்துப் பொன்னாலைக்கு என் ஓட்டு. மேற்கே சாய்கிற வெயிலில் பரவை முழுவதும் செம்பு நிறமாகும். பாலத்துக் கட்டில் தூண்டிலோடு இருக்கிறவர்கள் வரிசையாக இருப்பார்கள். சைக்கிளை மெதுவாக்கினால் வாளிக்குள் என்ன கிடக்கிறதென்று பார்க்கலாம், கேட்டால் காட்டுவார்கள். பாலம் தாண்டிய கையோடு வரதராஜப் பெருமாள் கோயில். கல்லுண்டாய் வெளியில் கடைசியாக ஒரு முறை திறந்த வானம். அந்த வெளியில் நகரக் குப்பை கொட்டுகிறார்கள், அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். நீர்ப்பறவை இறங்குகிற இடத்தில் குப்பைமேடு நிற்கக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் வருகிறேன், இங்கும் சொல்கிறேன்.

மூன்றாவது பாதை புங்குடுதீவு. வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவே கடலை ஊடறுத்துப் போகிறது வாணர் தாம்போதி. பண்ணையைவிட நீளமாகத் தோன்றும், பண்ணையைவிட ஆளரவம் குறைவு. சோளகக் காலத்தில் இங்கே காற்றுக்குத் தடையே இல்லை. தலையைக் குனிந்து, முழங்கையை மடக்கி, ஒருவர் பின்னால் ஒருவராகப் போக வேண்டும். காதுக்குள் காற்றின் இரைச்சல் தவிர வேறெதுவும் கேளாது. நான் அதை மிக விரும்புகிறேன்.

புங்குடுதீவுக்குள் போனதும் வேகத்தைக் குறையுங்கள். கூரையில்லாத வீடுகள், சுவர் பிளந்து ஆலங்கன்று முளைத்த வீடுகள், கிணற்றடி மட்டும் மிஞ்சிய வளவுகள் இருபுறமும் வரும். 1990களின் தொடக்கத்தில் தீவகத்துச் சனம் ஊரைவிட்டுப் பெயர்ந்தது, பெரும்பாலானோர் திரும்பவில்லை. இந்த ஊரில் பிறந்த கவிஞர் சு. வில்வரத்தினம் 'காற்றுவெளிக் கிராமம்' என்ற தொகுதியில் பாடியது இந்த வெறுமையைத்தான். எழுத்தாளர் தளையசிங்கமும் இந்த மண்தான். அழகை மட்டும் பார்த்துக்கொண்டு இந்த வீடுகளைக் கடந்து போய்விட என்னால் முடியாது, நீங்களும் போய்விடாதீர்கள். ஆனால் அவற்றுக்கு நடுவே இப்போது புதுச் சுண்ணாம்பு பூசிய வீடும் உண்டு, மணி அடிக்கிற கோயிலும் உண்டு, பின்னேரத்தில் கிரிக்கெட் விளையாடுகிற பொடியன்களும் உண்டு. சைக்கிளில் வந்தவரைக் கண்டால் அவர்கள் போட்டிக்கு வருவார்கள். மிதித்துப் பாருங்கள், வெல்ல முடியாது.

தெரு முடிகிற இடம் குறிகட்டுவான் துறை. பஸ்காரர் வாயில் கே.கே.டி. இங்கிருந்து நயினாதீவுக்குச் சிறு படகுகள் அடிக்கடி ஓடும். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் சாப்பிட்டு, நாகவிகாரையையும் பார்த்து வரலாம். அந்தத் தீவு நடந்தே பார்க்கக்கூடியது, ஆகவே சைக்கிளைத் துறையிலேயே பூட்டிவிட்டுப் போவேன்.

நெடுந்தீவுக்கு அப்படியல்ல. நெடுந்தீவுக்குச் சைக்கிளைக் கூட்டிக்கொண்டு போயே ஆக வேண்டும்.

குறிகட்டுவானிலிருந்து ஒரு மணி நேரமளவு கடல். குமுதினி, நெடுந்தாரகை என்று படகுகள். ஊர்ச்சனம் அரிசி மூட்டை, சீமெந்து, காஸ் சிலிண்டர், கோழி என்று எல்லாவற்றையும் ஏற்றும்போது உங்கள் சைக்கிள் ஒரு பொருட்டே இல்லை. துறையில் நிற்கிற பொடியன்கள் கைமாறிக் கைமாறித் தூக்கி மேலே வைத்துவிடுவார்கள். சோளகக் காலத்தில் கடல் தூக்கிப் போடும், வயிறு புரட்டுகிறவர்கள் தை மாசியில் போவது நல்லது. குமுதினி என்ற பெயரைக் கேட்டதும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். 1985 மே 15 அன்று அந்தப் படகில் போன பயணிகள், பெண்களும் குழந்தைகளுமாக, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கான நினைவுத்தூபி நெடுந்தீவு இறங்குதுறையில் நிற்கிறது. இறங்கியதும் முதலில் அங்கே நிற்பேன்.

பிறகு மிதிக்கத் தொடங்கினால், ஐயோ, என்ன சொல்வது! 50 சதுர கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தட்டை நிலம், பாக்கு நீரிணையின் நடுவே. மோட்டார் வாகனம் எப்போதாவது ஒன்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்வேலி. முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாந்தோ சீமெந்தோ இல்லாமல், மனிதர் கையால் கட்டிய வேலிகள் கிலோமீற்றர் கணக்கில் வளவுக்கு வளவு ஓடுகின்றன. சாம்பல் நிறக் கல்லில் பூவும் நரம்புமாக முருகையின் வடிவம் அப்படியே தெரியும். கடலடியில் ஒருகாலத்தில் உயிரோடு இருந்தது இப்போது ஆட்டுக்கு வேலியாக நிற்கிறது! இறங்கித் தடவிப் பார்க்காமல் என்னால் நாலு வேலிகூடத் தாண்ட முடிவதில்லை. சைக்கிளின் அருமை அங்கேதான்; நினைத்த இடத்தில் ஒரு காலை ஊன்றினால் போதும்.

வைத்தியசாலைக்குப் பின்னால் முருகைக்கல் கோட்டையின் இடிபாடு. புறாக்கூடு என்கிற பழைய கட்டடத்தில், புறாக்கள் தங்கச் சதுரம் சதுரமாகப் பொந்துகள். மேற்கே வெடியரசன் கோட்டை என்று சொல்லப்படுகிற பழஞ்சின்னங்கள். அப்புறம் பெருக்கு மரம். ஆபிரிக்காவின் மரம், அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்று சொல்வார்கள். அடிமரத்தில் ஒரு குகை; உள்ளே ஆள் புகுந்து நிற்கலாம். பெறாமகள் உள்ளே போய் நின்றுகொண்டு வெளியே வர மறுத்துவிட்டாள், அவ்வளவு குளிர்ச்சி.

இவையெல்லாம் இருக்கட்டும். தெற்கு நோக்கிப் போங்கள். மரங்கள் குறைந்து, வீடுகள் குறைந்து, புல்வெளி விரியும், அதற்கப்பால் கடல் ஒரு நீலக் கோடு. அந்த வெளியில் குதிரைகள். போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் காலத்தில் பெருகி, பிரித்தானியர் காலத்தில் நோலன் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் வளர்க்கப்பட்டு, பிறகு கேட்பாரற்று விடப்பட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவை. இன்று எவருக்கும் சொந்தமில்லாமல், கடிவாளம் அறியாமல் திரிகின்றன. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வாகனத்தின் சத்தம் கேட்டால் அவை விலகி ஓடும். சைக்கிளை உருட்டிக்கொண்டு அமைதியாகப் போங்கள், தலையை உயர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்பவும் மேயத் தொடங்கும். தாய்க் குதிரையின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற மண்ணிறக் குட்டியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தபோது எனக்குக் கண்ணீர் வந்தது, சொல்ல வெட்கமில்லை. கோடையில் அவை தண்ணீருக்கு மிகவும் கஷ்டப்படுகின்றன. ஊர்ச்சனமும் தண்ணீருக்குக் கஷ்டப்படுகிறது. ஆகவே உங்களுக்கு வேண்டிய தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள். அப்படியிருந்தும் ஒரு படலையில் நிழலுக்கு நின்றபோது உள்ளேயிருந்து ஒரு அம்மா, "பிள்ளையள், வெயிலுக்கை நிக்காமல் வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று கூப்பிட்டார். செம்பை நீட்டிய அந்தக் கையை நான் மறக்கவே மாட்டேன்.

முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். பகல் படகில் வந்தவர்கள் பின்னேரத்தோடு போய்விடுவார்கள். அதன் பிறகு கரையோரப் பாதை முழுவதும் ஊர்ச்சனத்துக்கும் உங்களுக்குந்தான். தங்காவிட்டால் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நேரம் காலத்துக்குக் காலம் மாறும்.

ஆயத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பம்ப், ஒரு மேலதிக ரியூப், தொப்பி, உடம்பை மூடுகிற பருத்திச் சட்டை. வெயில் பதினொரு மணிக்குமேல் கடுமை. அந்த நேரத்தை ஏதாவதொரு கோயில் வீதியிலோ சவுக்கு நிழலிலோ கழித்துவிட்டு மூன்று மணிக்குப் பிறகு மிதியுங்கள். பங்குனி கடந்தால் நுங்கு வரத் தொடங்கும், தெருவோரத்தில் வெட்டித் தருவார்கள், விடாதீர்கள். கோயில்களுக்குப் போகிற எண்ணமிருந்தால் பையில் ஒரு வேட்டியோ நீளப் பாவாடையோ இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைத்திருந்தாலும், சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். தீவுக் காற்றின் உப்பு ஒரே கிழமையில் செயினைத் தின்றுவிடும். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போக அனலைதீவும் எழுவைதீவும் இன்னும் பாக்கி கிடக்கின்றன, அதற்கு வண்டி வேண்டும்.